தாளம் தவறிய இதயமும் தகுந்த மருந்தும்



பீடோர் வட்டாரத்தில் பால்மரம் வெட்டிய காலம் போய், இன்று செம்பனையே எங்கும் நிற்கிறது. அன்று விடியற்காலையில் பெரட்டுக்கு ஓடியவர்கள் இன்று தாத்தா பாட்டிகள். முதுமையில் அதிகமாகக் காணப்படும் இதய நோய் ஒன்றைப் பற்றி இன்று அறிந்துகொள்வோம்.

நம் இதயத்தில் மேலே இரண்டு அறைகள், கீழே இரண்டு அறைகள். மேலறைகள் ஒழுங்காகச் சுருங்காமல் வெறுமனே நடுங்கிக்கொண்டிருப்பதை 'ஏட்ரியல் ஃபிப்ரிலேஷன்' என்பார்கள். நாடி பிடித்துப் பார்த்தால் துடிப்பு தாறுமாறாக இருக்கும். பழைய தாளத்துக்குத் திருப்ப இனி முயல்வதில்லை என்று மருத்துவரும் நோயாளியும் முடிவு செய்தால், அது நிரந்தர நிலை. அஞ்ச வேண்டாம்; இதனோடு பல்லாண்டு வாழலாம். அதற்கு இருவகை மருந்துகள் உள்ளன.

முதல் வகை, துடிப்பின் வேகத்தைக் குறைப்பது. பைசோப்ரோலால், மெட்டோப்ரோலால் ஆகியவை பலருக்குத் தரப்படுகின்றன. ஆஸ்துமா உள்ளவர்கள் அதை முன்கூட்டியே சொல்லிவிட வேண்டும். அவர்களுக்கு வெராபமில் அல்லது டில்டியாசம் பொருந்தலாம். ஆனால், இதயத்தின் வலு குறைந்தவர்களுக்கு இவ்விரண்டும் ஆகா. நடமாட்டம் குறைந்த முதியவர்களுக்கு டிகாக்ஸின் உதவும். சிறுநீரகம் பழுதானால் அது உடலில் தேங்கிக் குமட்டலை உண்டாக்கும்.

இரண்டாம் வகையே உயிர் காப்பது. நடுங்கும் அறையில் தேங்கும் ரத்தம் உறைந்து கட்டியாகி, மூளைக்குச் சென்று அடைத்தால் பக்கவாதம். இந்நோய் உள்ளவர்களுக்கு அந்த அபாயம் ஏறத்தாழ ஐந்து மடங்கு. படபடப்பே தெரியாதவர்களுக்கும் அபாயம் உண்டு. ஆஸ்பிரின் இதற்கு மாற்றாகாது.

"வார்ஃபரினா? அது எலி மருந்தாயிற்றே!" என்று தோட்ட மக்கள் தயங்குவதில் வியப்பில்லை. செம்பனைத் தோட்டங்களில் எலிக்கு வைத்த மருந்திலும் வார்ஃபரின் இருந்ததுண்டு. 1920-களில் வட அமெரிக்காவில் பூசணம் பிடித்த தீவனத்தைத் தின்ற மாடுகள் ரத்தம் கசிந்து மாண்டன. அதன் காரணத்தைத் தேடிய விஸ்கான்சின் பல்கலைக்கழக ஆய்வில் பிறந்த இப்பொருள், 1948-இல் எலிக்கும் 1954-இல் மனிதருக்கும் வந்தது. நஞ்சாவதும் மருந்தாவதும் அளவைப் பொறுத்தது. அந்த அளவு சரியா என்று காட்டுவதே ஐ.என்.ஆர். எனும் ரத்தப் பரிசோதனை. பொதுவாக அது 2-க்கும் 3-க்கும் இடையில் இருக்க வேண்டும். குறைந்தால் ரத்தம் உறையும், மிகுந்தால் கசியும். முருங்கைக்கீரையை ஒதுக்க வேண்டியதில்லை. ஒரு வாரம் மிகுதியாகவும் மறுவாரம் அறவே இன்றியும் உண்ணலாகாது. மதுவும், கேட்காமல் வாங்கும் வலி மாத்திரையும், ஜாமுவும் ஆபத்தானவை.

டாபிகாட்ரான், ரிவரோக்ஸாபான், அபிக்ஸாபான் ஆகிய புதிய மருந்துகளுக்கு ஐ.என்.ஆர். பார்க்க வேண்டியதில்லை, கீரைக் கவலையும் இல்லை. பரிசோதனைக்காக அடிக்கடி தாப்பாவுக்கோ ஈப்போவுக்கோ போய்வர முடியாதவர்களுக்கு இவை வசதி. ஆயினும் சிறுநீரகத்தைச் சோதித்தே தரப்படும். வேளை தவறினால், ஓரிரு நாளில் காப்பு நீங்கிவிடும். ரிவரோக்ஸாபானைச் சோற்றோடு சாப்பிட வேண்டும். டாபிகாட்ரான் குளிகையைப் பிரிக்கலாகாது. முடக்குக் காய்ச்சலால் இதய வால்வு மிகவும் சுருங்கியவர்களுக்கும், உலோக வால்வு பொருத்தியவர்களுக்கும் வார்ஃபரின்தான் ஏற்றது. ஆகவே, பக்கத்து வீட்டார் மாத்திரையைப் பார்த்து மாற்றிக்கொள்ளக் கூடாது.

தாய்மார்களே! மலம் கறுத்துப் போனாலோ, தலையில் அடிபட்டாலோ, உடனே ஆஸ்பத்திரிக்கு அழைத்துச் செல்லுங்கள். வாய் கோணினாலும், கை தளர்ந்தாலும், பேச்சு குழறினாலும் 999-ஐ அழையுங்கள். பல் பிடுங்கப் போகும்போது மருந்தின் பெயரைச் சொல்லுங்கள், நீங்களாக நிறுத்தாதீர்கள்.

உடம்பு நன்றாக இருக்கிறதே என்று மாத்திரையை விட்டுவிடுவோர் உண்டு. பக்கவாதம் அந்த நாட்களில்தான் காத்திருக்கிறது என்பதை நாம் மறந்துவிடலாகாது.