எல்லாரும் ஒரே நேரத்தில் அழைத்தால் யாருக்கு வழி?

2025 ஏப்ரல் 1, நோன்புப் பெருநாளின் இரண்டாம் நாள். காலை எட்டு மணி தாண்டிய சிறிது நேரத்தில் சுபாங் ஜெயா, புத்ரா ஹைட்ஸில் பெட்ரோனாஸ் எரிவாயுக் குழாய் தீப்பற்றியது. தீப்பிழம்பு 30 மீட்டருக்கு மேல் எழுந்தது. நூற்றுக்கும் மேற்பட்டோர் காயமடைந்தனர். நல்லவேளையாக, உயிர்ச்சேதம் இல்லை. பிற்பகல் 3.45 மணிக்குத்தான் தீ முழுமையாக அணைந்தது.

அன்று எங்கள் குடும்ப வாட்ஸ்அப் குழு ஓயவே இல்லை. கிள்ளானிலிருந்து அத்தை, பிரிக்பீல்ட்ஸிலிருந்து சித்தப்பா என்று எல்லாரும் அழைத்தார்கள். ஒரே காணொளி ஐந்து பேரிடமிருந்து வந்தது. இப்படி எத்தனை வீடுகள்! கைப்பேசிக் கோபுரம் ஒரே நேரத்தில் இத்தனை அழைப்புகளைத்தான் தாங்கும். ஊரே பதறும் நேரத்தில், தீயணைப்பு அதிகாரியின் அழைப்பும் நம் காணொளிக்குப் பின்னால் வரிசையில் நின்றால் என்ன ஆகும்?

அப்படி நிற்கக் கூடாது என்பதற்காகத்தான் மீட்புப் பணியாளர்களுக்கெனத் தனி வானொலி வலையமைப்பு இருக்கிறது. மலேசியாவில் அது அரசாங்க ஒருங்கிணைந்த வானொலி வலையமைப்பு, சுருக்கமாக ஜிஐஆர்என். 'டெட்ரா' என்ற தொழில்நுட்பத்தில் இயங்குகிறது. பார்த்தால் வாக்கி டாக்கி மாதிரிதான் இருக்கும். ஆனால் பொத்தானை அழுத்தி அரை விநாடிக்குள் பேசத் தொடங்கலாம். ஒருவர் பேசினால் குழுவில் உள்ள அத்தனை பேருக்கும் கேட்கும். உயிருக்கு ஆபத்து என்றால் அவசரப் பொத்தான் உண்டு. அதை அழுத்தினால் மற்ற உரையாடல்கள் விலகி வழிவிடும். கோபுரமே செயலிழந்தாலும் அருகருகே உள்ள கருவிகள் நேரடியாகப் பேசிக்கொள்ளும். கைப்பேசியால் சாதாரணமாக இது முடியாது.

கருவி இருந்தால் மட்டும் போதுமா? 2001 செப்டம்பர் 11, நியூயார்க். ஹெலிகாப்டரிலிருந்த போலீசார் கோபுரத்தின் ஆபத்தைக் கண்டு எச்சரித்தார்கள். போலீசுக்கும் தீயணைப்புப் படைக்கும் வெவ்வேறு வானொலி என்பதால் அந்த எச்சரிக்கை தீயணைப்பு வீரர்களைச் சென்றடையவில்லை. வெளியேறும்படி வந்த உத்தரவும் உள்ளே இருந்த பலருக்குக் கேட்கவில்லை. அன்று மட்டும் 343 தீயணைப்பு வீரர்கள் இறந்தார்கள். அந்தப் பாடத்தின் பலனாக 2012இல் அமெரிக்கா 'ஃபர்ஸ்ட்நெட்' அமைப்பை உருவாக்கியது.

என்னை அதிகம் உறுத்துவது தென்கொரியாவின் கதை. 2014இல் செவோல் கப்பல் மூழ்கிய பிறகு, எல்லாத் துறைகளும் ஒன்றாகப் பேசப் பெரும் செலவில் நவீன வலையமைப்பைக் கட்டினார்கள். 2022இல் சியோலின் இத்தேவோனில் கூட்ட நெரிசலில் 150க்கும் மேற்பட்டோர் இறந்தபோது, அந்த வலையமைப்பு கையில்தான் இருந்தது. ஆனால் துறைகள் ஒன்றோடொன்று பேச அதைச் சரியாகப் பயன்படுத்தவில்லை.

டெட்ரா குரலுக்குச் சிறந்தது, காணொளிக்கு அல்ல. ட்ரோன் எடுக்கும் படத்தை உடனே அனுப்ப வேண்டுமானால் 4ஜி, 5ஜி வேண்டும். அதற்குத் தனி வலையமைப்பா, பொது வலையமைப்பில் முன்னுரிமைப் பாதையா என்று பல நாடுகள் யோசிக்கின்றன. செலவைப் பார்த்தால் இரண்டாவதுதான் நடக்கும் என்று எனக்குத் தோன்றுகிறது. அப்படியானால் மின்சாரம் போனாலும் கோபுரங்கள் இயங்க பேட்டரியும் ஜெனரேட்டரும் வேண்டும்.

அடுத்த முறை தீயணைப்பு நிலையத்தைச் சுற்றிப் பார்க்கும் வாய்ப்பு கிடைத்தால், வண்டிகளைப் பற்றி நான் கேட்கப்போவதில்லை. போலீசாரோடும் ஆம்புலன்ஸ் பணியாளர்களோடும் ஒரே அலைவரிசையில் கடைசியாக எப்போது பேசிப் பழகினீர்கள் என்றுதான் கேட்பேன்.