பல் பேசுகிறது – 14: வளைவுக்கு எந்த ஃபைல்?

கீழ்த்தாடையின் முதல் கடைவாய்ப்பல்லுக்குப் பெரும்பாலும் இரண்டு வேர்கள். முன்வேருக்குள் சன்னமான இரண்டு குழாய்கள் இருக்கும். இரண்டும் வளைந்துதான் இறங்கும். அந்த வளைவை டிகிரியில் அளக்க 1971-இல் ஷ்னைடர் ஒரு முறை சொன்னார். 5 டிகிரிவரை நேர். 25-ஐ எட்டினால் கடும் வளைவு. ரூட் கேனால் செய்பவருக்கு வயிற்றைக் கலக்கும் இடம் அதுதான்.

குழாயைக் குடைந்து சுத்தம் செய்யும் மெல்லிய கருவிதான் ஃபைல். வெகுகாலம் எவர்சில்வர் ஃபைலைத்தான் நம்பியிருந்தார்கள். 15-ஆம் நம்பர் ஃபைலின் நுனி 0.15 மி.மீ.; சொன்னபடி வளையும். 25, 30 என்று நம்பர் ஏற ஏற விறைத்துக்கொள்ளும். வளைவுக்குள் விட்டால் நிமிரத்தான் பார்க்கும். அப்போது நுனி, வளைவின் வெளிச்சுவரைச் சுரண்டி ஒரு படி வெட்டிவிடும். பிறகு எந்த ஃபைலை விட்டாலும் அந்தப் படியில் முட்டி நிற்கும்; அதற்குக் கீழே இருக்கும் அழுக்கு அப்படியே கிடக்கும். இன்னும் அழுத்தினால் வேரின் பக்கவாட்டில் ஓட்டையே விழலாம். அனுபவசாலிகள் ஃபைலை முன்கூட்டியே வளைத்துக்கொண்டு, நடுநடுவே சின்ன நம்பரை மறுபடி விட்டுப் பார்த்துச் சமாளித்தார்கள்.

1988-இல் வாலியா, பிராண்ட்லி, கெர்ஸ்டீன் மூவரும் பல்லுக்குக் கிளிப் போடும் நிக்கல்-டைட்டானியம் கம்பியிலேயே 15-ஆம் நம்பர் ஃபைலைக் கடைந்தார்கள். எவர்சில்வரைவிட இரண்டு, மூன்று மடங்கு நெகிழ்ந்தது. (அந்த உலோகம் அமெரிக்கக் கடற்படையின் ஆயுத ஆய்வுக்கூடத்தில் பிறந்தது என்பது கொசுறு.) பிறகு அதை மோட்டாரில் பூட்டிச் சுற்றவிட்டார்கள். வளைவைக் கெடுக்காமல் குழாயின் நடுவிலேயே போவதில் எவர்சில்வர் இதன் பக்கத்தில் நிற்க முடியாது.

ஆனால் முறிவதில் இது பொல்லாதது. எவர்சில்வர் ஃபைல் முறுக்கு அவிழ்ந்து முன்னமே காட்டிக்கொடுக்கும். இது பெரும்பாலும் சொல்லாமல் கொள்ளாமல் முறியும். வளைவில் சுற்றும்போது, ஒவ்வொரு சுற்றிலும் ஒரு பக்கம் இழுபடும், மறுபக்கம் நசுங்கும், கம்பி களைத்துப்போகும். அந்தக் களைப்பைக் குறைக்க, 2008-இல் யாரேட் ஒரே திசையில் சுற்றாமல் முன்னும் பின்னுமாகத் திருப்பிப் பார்த்தார். சூடேற்றிப் பதப்படுத்திய, இன்னும் மெத்தென்ற கம்பிகளும் வந்துவிட்டன.

சரி, எது நன்றாகச் சுத்தம் செய்கிறது? 2001-இல் பீட்டர்ஸ் குழுவினர் மேல்கடைவாய்ப் பற்களை நுண் சி.டி. ஸ்கேனில் ஒப்பிட்டார்கள். நான்கு வகை நிக்கல்-டைட்டானியம் கருவிகள். எதை எடுத்தாலும் குழாய்ச் சுவரில் 35 சதவீதமோ அதற்கு மேலோ தொடப்படாமலேயே இருந்தது. ஃபைல் வட்டமாகக் குடைகிறது. குழாயோ பல இடங்களில் தட்டை, ஓரங்களில் இடுக்கு. அந்த இடுக்குக்குள் போவது சோடியம் ஹைப்போகுளோரைட் கரைசல்தான். செத்த சதையைக் கரைப்பதும் கிருமியைக் கொல்வதும் அதுவே. ஃபைல் அதற்கு வழி வெட்டிக் கொடுக்கிறது, அவ்வளவுதான். புது ஃபைலின் விளம்பரங்களில் இந்தக் கரைசலுக்கு இன்னும் கொஞ்சம் இடம் கொடுக்கலாம்.

நாற்காலியில் சாய்கிறவன் நானாக இருந்தால், ஃபைலின் பிராண்டைக் கேட்கமாட்டேன். எத்தனை பேருக்குப் போட்டுச் சுற்றிய ஃபைல் என்று கேட்பேன். பல்லைச் சுற்றி ரப்பர் டேம் (அந்தப் பல்லை மட்டும் வெளியே விட்டு வாயை மறைக்கும் ரப்பர் திரை) மாட்டுகிறாரா என்றும் பார்ப்பேன். டேம் இல்லாத வாயில் அந்தக் காரமான கரைசலைத் தாராளமாக விட யாருக்கும் கை வராது.

(தொடரும்)