டிராக்டர் டியூப்: அளவைப் பில்லில் எழுதி வாங்குங்கள்

பினாங்கின் தண்ணீர்மலைக் கோவில் அடிவாரத்தில் டிராக்டர் ஓடுவதில்லை. ஆனால் ஜார்ஜ்டவுனில் குடியிருந்துகொண்டு, பாலத்துக்கு அப்பால் செபராங் பிறையில் உழவு ஒப்பந்தம் எடுப்பவர்களும், நிபோங் திபால் பக்கம் செம்பனைக் குலை ஏற்றும் டிராக்டரும் டிரெய்லரும் வைத்திருப்பவர்களும், கெடாவில் மரம் இழுக்கும் இயந்திரங்களுக்கு டயர் மாற்றிக் கொடுப்பவர்களும் நம்மிடையே உண்டு. அவர்கள் கடைக்குப் போனால், "அண்ணே, 28 இன்ச் பின் டியூப் ஒண்ணு குடுங்க" என்பதோடு பேச்சு முடிந்துவிடுகிறது. கடைக்காரர் தட்டிலிருந்து ஒன்றை எடுத்துப் போடுகிறார். பில்லில் "டியூப் 1" என்று எழுதுகிறார். இந்த அரை நிமிடத்தில்தான் இயந்திரத்தின் ஆயுளும், அதில் வேலை செய்பவரின் பாதுகாப்பும், நாளை நியாயம் கேட்கும் உரிமையும் ஒருசேரக் கைநழுவுகின்றன. எந்த டயருக்கு, எந்த வேலைக்கு என்பதைச் சொல்லி, அதை அப்படியே பில்லில் எழுத வைப்பதுதான் சரியான டியூப் வாங்குவதற்கும் ஏமாந்தால் மீள்வதற்கும் ஒரே வழி என்பது என் வாதம்.

28 இன்ச் என்பது ரிம்மின் விட்டம் மட்டுமே. 12.4-28, 14.9-28, 16.9-28 மூன்றும் அந்த ரிம் விட்டத்துக்கு உரிய டயர்கள்தாம்; ஆனால் அகலம் வேறு, உள்ளே நிரம்ப வேண்டிய காற்றின் கொள்ளளவும் வேறு. பெரிய டியூபைச் சிறிய டயருக்குள் திணித்தால் அது மடிந்து கிடக்கும்; சக்கரம் சுற்றச் சுற்ற அந்த மடிப்பு உரசி, அதே கோட்டில் வெடிப்பு விடும். சிறியதைப் பெரிய டயரில் போட்டால் அளவுக்கு மீறி இழுபட்டு மெலிந்துபோகும்; சின்ன முள்ளும் அதைக் கிழித்துவிடும். டயரின் பக்கவாட்டில் 16.9-30 என்று இருப்பதும் 420/85 ஆர் 30 என்று இருப்பதும் ஏறக்குறைய ஒரே அளவுதான், ஆனால் "ஆர்" என்ற எழுத்து அது ரேடியல் டயர் என்று சொல்கிறது. ரேடியலின் பக்கச்சுவர் அதிகமாக வளைந்து கொடுப்பதால், அதற்கென்று குறியிட்ட டியூபையே போட வேண்டும். வால்வும் அப்படித்தான். டிராக்டரின் பின் சக்கரத்துக்கு எடை கூட்டத் தண்ணீர் நிரப்புபவர்களுக்கு டிஆர் 218ஏ வகை உலோக வால்வு வேண்டும். காற்றும் தண்ணீரும் போக வழியுள்ளது அது. காருக்குரிய டிஆர் 13 வால்வை அதே ரிம் துளையில் விட்டால், துளை பெரிது, தண்டு சிறிது. ஆடி ஆடியே அடியில் அறுந்துவிடும்.

டியூப் எதனால் செய்யப்பட்டது என்பதையும் கேட்க வேண்டும். ரப்பர் மரத்தில் பால் எடுத்து வாழ்ந்த சமூகத்துக்கு இது சற்று வருத்தமான செய்தியாக இருக்கலாம்: காற்றைப் பிடித்து வைப்பதில் இயற்கை ரப்பரைவிட பியூட்டைல் என்னும் செயற்கை ரப்பர் பல மடங்கு சிறந்தது. கிழிபடாமல் தாங்குவதில் இயற்கை ரப்பருக்குத் தனி வலு உண்டு. ஆனால் வாரக்கணக்கில் காற்று அளவைப் பார்க்காமல் ஓடும் தோட்டத்து டிராக்டருக்குக் காற்று இறங்காதிருப்பதுதான் முதல் தேவை. காரணம், காற்று குறைந்தால் டயர் ரிம்மின் மேல் வழுக்கி நகரும். டியூபையும் தன்னோடு இழுக்கும். ரிம் துளையில் மாட்டிய வால்வு அப்படியே பிய்ந்துவிடும். "டியூப் என்ன பெரிய விலையா, போனால் இன்னொன்று" என்பவர்கள் டியூபின் விலையை மட்டும் பார்க்கிறார்கள். குலை அறுத்துக் கிடக்கும்போது டிராக்டர் ஒரு நாள் நின்றால், ஆலைக்குத் தாமதமாகப் போகும் பழத்தின் தரம் இறங்கும். உழவுக்குத் தண்ணீர் விட்ட நேரத்தில் நின்றால் அடுத்த வயல்காரரும் காத்திருக்க வேண்டும். அதேபோல், புது டயருக்குள் பழைய டியூபைப் போடுவதும் சிக்கனமாகாது. ஓடி ஓடி விரிந்த டியூப் பழைய அளவுக்குத் திரும்பாது. புது டயருக்குள் மடிப்பு விழுந்தே தீரும். இப்போதெல்லாம் டியூப்லெஸ்தானே என்பதும் முழு விடையல்ல. பழைய டிராக்டர்கள் இன்னும் டியூபில்தான் ஓடுகின்றன. ரிம் துருப்பிடித்துக் காற்று நிற்காமல் போன டியூப்லெஸ் டயருக்கும் கடைசியில் டியூபையே போடுகிறார்கள். அப்போது உள்பக்கத்தில் ஒட்டியிருக்கும் காகித லேபிளை உரிக்காமல் விட்டால் அதன் ஓரமே டியூபை அரித்துவிடும்.

பணத்தைவிடப் பெரியது உயிர். டிராக்டர் டயரின் விளிம்பு ரிம்மில் அமர 35 பிஎஸ்ஐக்கு மேல் காற்று ஏற்றக்கூடாது என்பது டயர் தயாரிப்பாளர்களின் பொதுவான எச்சரிக்கை. 30 இன்ச் விட்டமுள்ள வட்டத்தின் பரப்பு ஏறத்தாழ 707 சதுர அங்குலம்; அதன் மேல் 35 பிஎஸ்ஐ என்றால் சுமார் 11 டன் விசை. தவறான அளவு டியூப் உள்ளே மடிந்து விளிம்பு அமராமல் நிற்கும்போது, "இன்னும் கொஞ்சம் அடி" என்று சொல்லும் கைதான் ஆபத்தை அழைக்கிறது. பூட்டு வளையம் வைத்த பல துண்டு ரிம்மாக இருந்தால், சரியாக மாட்டாத வளையம் தெறித்து ஆளையே கொல்லும். சக்கரத்தைக் கூண்டுக்குள் வைத்து, நீண்ட குழாய் மாட்டி, எதிரில் நிற்காமல் பக்கவாட்டில் தள்ளி நின்று காற்றடிக்க வேண்டும். கழற்றும்போது முதலில் வால்வின் ஊசியை எடுத்துக் காற்றை முழுதும் விட வேண்டும். டயர் மாட்டிய ரிம்மில் ஒருபோதும் வெல்டிங் வைக்கக்கூடாது. உள்ளே சூடேறி வெடிக்கும்.

இனி உரிமைக்கு வருவோம். பயனீட்டாளர் பாதுகாப்புச் சட்டம் 1999இன்படி அமைந்த பயனீட்டாளர் நடுவர் மன்றத்தில் 5 ரிங்கிட் கட்டி, 50,000 ரிங்கிட் வரை கோரலாம். ஆனால் அந்தச் சட்டம் சொந்த, வீட்டுப் பயன்பாட்டுக்கு வழக்கமாக வாங்கும் பொருளுக்கானது. மோட்டார் சைக்கிள் டியூப் அதில் வரும். டிராக்டர் டியூப் வராது என்று மன்றம் தள்ளிவிட வாய்ப்பு அதிகம். அந்த இடத்தில் கைகொடுப்பது பொருள் விற்பனைச் சட்டம் 1957. அதன் 16ஆம் பிரிவு, வாங்குபவர் தம் நோக்கத்தைச் சொல்லி விற்பவரின் திறமையை நம்பி வாங்கினால், பொருள் அந்த நோக்கத்துக்கு ஏற்றதாக இருக்க வேண்டும் என்கிறது. அதே பிரிவில் ஒரு விலக்கும் உண்டு: குறிப்பிட்ட வணிகப் பெயரைச் சொல்லி வாங்கிய பொருளுக்கு இந்த உத்தரவாதம் கிடையாது என்று விற்பவர் வாதிடலாம். ஆகவே கடையில் பிராண்ட் பெயரை மட்டும் சொல்லாதீர்கள். "420/85 ஆர் 30 ரேடியல் டயர், டிராக்டர் பின் சக்கரம், முக்கால் பங்கு தண்ணீர் நிரப்புவோம், செம்பனைத் தோட்ட வேலை" என்று சொல்லுங்கள், அதையே பில்லில் எழுதச் சொல்லுங்கள். இப்படிக் கேட்டால் கடைக்காரர் மனம் வருந்துவார் என்று தயங்குபவர்கள் ஏராளம். நல்ல கடைக்காரருக்கு இந்தக் குறிப்பு பாதுகாப்பே. வேறு டயரில் போட்டுக் கிழித்துவிட்டு வந்து சண்டை பிடிப்பவரை அவர் இதைக் காட்டித்தான் திருப்பி அனுப்ப முடியும். "விற்ற பொருள் திரும்பப் பெறப்படாது" என்று அச்சிட்ட பில் வந்தால், கையெழுத்திடுமுன் படியுங்கள்; பொருள் விற்பனைச் சட்டத்தின் 62ஆம் பிரிவு அப்படிப்பட்ட உடன்பாட்டுக்கு இடம் தருகிறது. தனிநபராக வாங்கியிருந்து இழப்பு 5,000 ரிங்கிட்டுக்குள் இருந்தால், மாஜிஸ்திரேட் நீதிமன்றத்தின் சிறு வழக்கு முறையில் வழக்கறிஞர் இல்லாமல் நீங்களே வாதாடலாம். அங்கே பேசப்போவது பில்லும், கிழிந்த டியூபும், டயர் எண்ணைக் காட்டும் படமும்தான். டியூபைத் தூக்கி எறிந்துவிடாதீர்கள்.

டியூபை மாட்டும் தொழிலாளிக்கும் உரிமை உண்டு. தொழிலிடப் பாதுகாப்பு சுகாதாரச் சட்டத்தின் 2022 திருத்தம் 2024 ஜூன் 1இல் நடப்புக்கு வந்தது. முதலாளியின் பொதுக் கடமை மீறலுக்கான தண்டம் 50,000 ரிங்கிட்டிலிருந்து 500,000 ரிங்கிட்டாக உயர்ந்தது. உடனடி ஆபத்தை நீக்க முதலாளி நடவடிக்கை எடுக்காவிட்டால், தொழிலாளி அந்த இடத்தை விட்டு விலகலாம். கூண்டு இல்லாமல் பூட்டு வளைய ரிம்முக்குக் காற்றடிக்கச் சொல்வது அப்படிப்பட்ட ஆபத்துதான் என்பது என் உறுதியான எண்ணம். விபத்து நடந்தால் 48 மணி நேரத்துக்குள் சமூகப் பாதுகாப்பு நிறுவனமான பெர்கேசோவுக்கு முதலாளி தெரிவிக்க வேண்டும். 2019 ஜனவரி முதல் வெளிநாட்டுத் தொழிலாளர்களுக்கும் வேலையிட விபத்துக் காப்பு உண்டு. வழி தெரியாமல் நிற்பவர்கள் கிரீன் லேன் என்று நாம் இன்னும் சொல்லும் ஜாலான் மஸ்ஜித் நெகிரியில் உள்ள பினாங்கு பயனீட்டாளர் சங்கத்தில் ஆலோசனை கேட்கலாம். தண்ணீர்மலையிலிருந்து அதிகத் தொலைவில்லை. போகும்போது பில்லை எடுத்துச் செல்லுங்கள்.