வீதிகளில் விளையும் கலை

நுழையும்முன்

கலைஞருக்குக் கருப்பொருள் எங்கிருந்து கிடைக்கிறது? தொலைதூரப் பயணங்களிலும் அரிய நிகழ்வுகளிலும் அதனைத் தேடுவோர் பலர். மக்கள் நாள்தோறும் நடமாடும் வீதிகளிலேயே அதனைக் கண்டெடுத்தோரும் உளர். மதுரை நகரைக் கூர்ந்து கண்ட மூவரின் படைப்புகள் வழியே இவ்வுண்மையை விளக்குகிறது இக்கட்டுரை.

பழகிய வழியும் பாராத கண்ணும்

வீட்டிலிருந்து பள்ளிக்குச் செல்லும் வழியை நன்கறிவோம் என்றே நாம் எண்ணுகிறோம். அவ்வழியிலுள்ள பழைய வீட்டின் திண்ணைக்கு எத்தனை படிகள்? தெருமுனையில் நிற்கும் மரம் வேம்பா, புங்கமா? தேநீர்க் கடையின் பெயர்ப்பலகை என்ன நிறம்? விடை கூறத் தயங்குவோம். பழகிய இடத்தில் வழிதேட வேண்டிய தேவை கண்ணுக்கு இல்லை. ஆகவே, அது நுட்பங்களைக் கவனியாது கடந்து செல்கிறது. ஊர்தியில் விரைவோருக்கு இவ்விழப்பு இன்னும் மிகுதி. நடப்பவரோ விரும்பிய இடத்தில் நிற்கலாம். வந்த வழியே திரும்பலாம். ஒரே பொருளை அருகிருந்தும் தொலைவிலிருந்தும் நோக்கலாம். கலைப்பார்வை இந்நிதானத்தில்தான் முளைவிடுகிறது.

பொழுதைக் கண்ட புலவர்

தலையாலங்கானத்துச் செருவென்ற பாண்டியன் நெடுஞ்செழியனுக்கு நிலையாமையை உணர்த்த மாங்குடி மருதனார் பாடியது மதுரைக்காஞ்சி. 782 அடிகளைக் கொண்ட இந்நூல், பத்துப்பாட்டுள் மிக நீண்டது. பகலில் இயங்கும் நாளங்காடியையும் மாலையில் தொடங்கும் அல்லங்காடியையும் இதில் காண்கிறோம். இரவின் யாமங்கள் ஒவ்வொன்றிலும் நகரின் இயல்பு மாறுவதைப் புலவர் தனித்தனியே காட்டுகிறார். ஆரவாரம் அடங்கிய நள்ளிரவில், நாள் முழுதும் உழைத்த அப்ப வணிகர்கள் உறங்குவதையும் அவர் பாடாமல் விடவில்லை. அரசனின் பெருமை பேசும் பாட்டில் எளிய வணிகரின் களைப்புக்கும் இடம் கிடைத்தது, நகரைப் பொழுதுதோறும் உற்றுநோக்கிய பார்வையால் அன்றோ?

ஊர்கண்ட கோவலன்

சிலப்பதிகாரத்தின் மதுரைக் காண்டத்தில் ஊர்காண் காதை என்றொரு பகுதி உண்டு. கண்ணகியைக் கவுந்தியடிகளிடம் விட்டு, கோவலன் நகரைக் காணச் செல்கிறான். மணிகளின் குணமும் குற்றமும் அறிந்தோர் வாழும் வீதி, பொன்னின் வகையைக் கொடியால் உணர்த்தும் வீதி, துணிப்பொதிகள் அடுக்கிய வீதி, கூல வீதி என நகரம் அவன் கண்முன் விரிகிறது. ஒவ்வொரு வீதியையும் அதற்கே உரிய பொருளாலும் தொழிலாலும் இளங்கோவடிகள் வேறுபடுத்திக் காட்டுகிறார். கோவலன் கண்டு வியந்த அந்நகரிலேயே பின்னர் அவன் கொலையுண்கிறான், அந்நகரே தீக்கிரையாகிறது. முன்னர் நாம் அவ்வீதிகளில் அவனுடன் நடந்தமையால்தான் அவ்வழிவின் துயரம் நம்மையும் தாக்குகிறது.

கோடுகளில் வாழும் நகரம்

1936இல் மதுரையில் பிறந்த ஓவியர் மனோகர் தேவதாஸ், கோயில்களையும் பழைய கட்டடங்களையும் தெருக்காட்சிகளையும் பேனா மையால் நுண்கோடுகளாக வரைந்தார். மதுரையில் கழிந்த தம் இளமைக்காலத்தை ஆங்கிலத்தில் புதினமாகவும் எழுதினார். விழித்திரையைச் சிறிது சிறிதாகச் சிதைக்கும் நோய் அவரைப் பற்றியது. பார்வை குறைந்துகொண்டே வந்தபோதும் அவர் வரைவதை நிறுத்தவில்லை. 2020ஆம் ஆண்டுக்கான பத்மஸ்ரீ விருது பெற்ற அவர், 2022இல் மறைந்தார். பார்வை மங்கிய ஒருவர் கோபுரச் சுதைகளை நுணுக்கமாக வரைந்துள்ளார் என்பது, நலமுள்ள கண்களைப் பெற்ற நமக்கு விடுக்கப்பட்ட வினாவாகும்.

நடந்து பழகுவோம்

இப்பயிற்சிக்குப் பெருநகரம் வேண்டியதில்லை. நம் தெருவே போதும். ஒரே தெருவில் காலை, நண்பகல், மாலை என மூன்று வேளையும் நடந்து பாருங்கள். சாய்ந்து விழும் காலை வெயில், சுவரின் மேடுபள்ளங்களை நிழலால் எடுத்துக்காட்டும். உச்சிவெயிலில் அந்நிழல்கள் சுருங்கும். மாலையில் ஒளி எதிர்த்திசையிலிருந்து வர, அதே தெரு வேறு முகம் கொள்ளும். கண்ணோடு காதும் மூக்கும் விழித்திருக்கட்டும். ஒவ்வொரு நடைக்கும் ஒன்றை மட்டும் குறிக்கோளாகக் கொள்ளுங்கள்: ஒருநாள் கதவுகள், மறுநாள் ஓசைகள், பிறகு உழைக்கும் கைகள். கண்டதைக் கையேட்டில் இரண்டு வரியாகவோ சிறு கோட்டோவியமாகவோ உடனே பதியுங்கள். மனிதரை வரையுமுன் அவர்தம் இசைவைப் பெறுங்கள், அவருடன் உரையாடுங்கள். அவர் சொல்லும் கதை உங்கள் ஓவியத்திற்கும் எழுத்திற்கும் உயிரூட்டக்கூடும்.

காணாதது மறையும்

மீனாட்சியம்மன் கோயிலுக்கு எதிரேயுள்ள புதுமண்டபத்தில் நெடுங்காலம் தையற்பொறிகளின் ஓசை கேட்டுக்கொண்டிருந்தது. கற்றூண்களுக்கிடையே புத்தகக் கடைகளும் பாத்திரக் கடைகளும் இருந்தன. அண்மைக் காலத்தில் அக்கடைகள் வேறிடம் பெயர்ந்தன. மண்டபம் காக்கப்பட வேண்டியதே; எனினும், தூணருகே அமர்ந்து தைத்தவர்களின் காட்சி இனி நினைவுகளிலும் படங்களிலும் மட்டுமே வாழும். நம் தெருவின் ஓட்டுவீடும் ஒருநாள் இடிக்கப்படலாம். இன்று நாம் கேட்கும் வணிகரின் கூவல் நாளை ஓய்ந்துபோகலாம். மதுரைக்காஞ்சியின் அப்ப வணிகர்கள் இன்றும் உறங்கிக்கொண்டிருக்கிறார்கள். அவர்களை ஒருவர் நின்று கண்டார். நம் தெருவை நின்று காணப்போகிறவர் யார்?