மார்கோஸுக்கு வந்த பதில்

மணிலாவில் 1986 பிப்ரவரி 25, அதிகாலை சுமார் மூன்று மணி. இருபது வருஷமாக பிலிப்பைன்ஸை ஆளும் பெர்டினாண்ட் மார்கோஸ் போனை எடுத்து, அமெரிக்க அதிபர் ரீகனின் நெருங்கிய நண்பரான செனட்டர் பால் லாக்ஸால்ட்டைக் கூப்பிடுகிறார். வாஷிங்டனில் அது முந்தின நாள் பிற்பகல். லாக்ஸால்ட் அப்போது எங்கே இருந்தார் தெரியுமா? நாடாளுமன்றக் கட்டடத்தில் ஒரு ரகசியக் கூட்டத்தில், வெளியுறவு அமைச்சர் ஜார்ஜ் ஷுல்ட்ஸுடன்! கூட்டத்தில் பேசப்பட்ட விஷயமே மார்கோஸை என்ன செய்வது என்பதுதான்!

இந்தக் கதையை எத்தனை முறை படித்தாலும் எனக்கு இந்த இடத்தில் மயிர்க்கூச்செறியும்.

மார்கோஸ் கேட்டது ஒன்றுதான்: நான் விலக வேண்டும் என்பது உண்மையிலேயே ரீகனின் விருப்பமா? லாக்ஸால்ட் வெள்ளை மாளிகைக்கு ஓடினார். ரீகனைப் பார்த்துவிட்டு அங்கிருந்தே திரும்பக் கூப்பிட்டார். அமெரிக்காவுக்கு வந்தால் வரவேற்போம் என்றார். பதவி விலகச் சொல்கிறாரா என்ற கேள்விக்கு மட்டும், அதிபர் சார்பில் நான் பதில் சொல்ல முடியாது என்று நழுவினார். “சரி, நீங்கள் என்ன நினைக்கிறீர்கள்?” என்றார் மார்கோஸ். இனி ஒட்டுமில்லை உறவுமில்லை என்று விலகிவிடுங்கள், நேரம் வந்துவிட்டது என்றார் லாக்ஸால்ட். எதிர்முனையில் அத்தனை நேரம் மௌனம்; லைன் அறுந்துவிட்டதோ என்று இவர் விசாரிக்க வேண்டியதாயிற்று. “ரொம்ப ரொம்ப ஏமாற்றமாக இருக்கிறது” என்று கடைசியில் பதில் வந்தது.

ஒரு வல்லரசு தன் பழைய தோழனைக் கைவிட்ட விதம் இதுதான். ஆணை இல்லை, கடிதம் இல்லை, ஒரு நண்பரின் சொந்தக் கருத்து!

ரீகனுக்கு இது எளிதில் மனசாகவில்லை. ஈரான் மன்னர் ஷாவைக் கைவிட்டதும் அங்கே கோமேனி ஆட்சிக்கு வந்தார் என்ற பயம் வெள்ளை மாளிகையைப் பிடித்து ஆட்டியது. பிப்ரவரி 7 அதிபர் தேர்தலில் முறைகேடு நடக்கிறதென்று வாக்கு எண்ணும் கணினிப் பணியாளர்களே வெளிநடப்புச் செய்த பிறகும், மோசடி இரு பக்கமும் நடந்திருக்கலாம் என்றார் ரீகன். மார்கோஸை எதிர்த்துப் போட்டியிட்ட கோரி அகினோ தரப்பு கொதித்தது. 22ஆம் தேதி பாதுகாப்பு அமைச்சர் என்ரிலேயும் ஜெனரல் ராமோஸும் மார்கோஸை விட்டுக் கட்சி மாறினார்கள். மணிலா பேராயர் கார்டினல் சின் ரேடியோ வெரிதாஸ் வானொலியில் அழைக்க, மணிலாவின் எட்சா சாலையில் ஜனங்கள் டாங்கிகளை மறித்து நின்றார்கள். மறுநாள் ஞாயிற்றுக்கிழமை, ஷுல்ட்ஸ் வீட்டில் அவசர ஆலோசனை. சாலையில் நின்றவர்கள் ஏற்கெனவே முடித்துவிட்டதை வாஷிங்டன் அப்போதுதான் விவாதிக்கத் தொடங்கியிருந்தது!

25ஆம் தேதி ஒரே நாளில் இரண்டு பதவியேற்பு! காலையில் கிளப் பிலிப்பினோவில் கோரி, நண்பகலில் அதிபர் மாளிகையில் மார்கோஸ். அவருடையது நேரலையில் ஓடும்போதே தொலைக்காட்சி துண்டிக்கப்பட்டது. இரவில் அமெரிக்க ஹெலிகாப்டர்கள் மார்கோஸ் குடும்பத்தை அமெரிக்காவின் கிளார்க் விமானத் தளத்துக்குக் கொண்டுபோயின. பிறகு குவாம், ஹவாய். அன்றே கோரியின் புதிய அரசை அங்கீகரித்தார் ஷுல்ட்ஸ். செப்டம்பரில் கோரி அமெரிக்க நாடாளுமன்றத்தில் பேசினார். பேசிய கையோடு பிரதிநிதிகள் சபை 20 கோடி டாலர் உதவிக்கு வாக்களித்தது.

இத்தனை அவசரமும் எதற்கு? பிலிப்பைன்ஸில் அமெரிக்கா வைத்திருந்த கிளார்க்கும், சுபிக் வளைகுடாக் கடற்படைத் தளமும் கையைவிட்டுப் போகக் கூடாதே! 1989 டிசம்பரில் கோரிக்கு எதிராக ராணுவக் கிளர்ச்சி வெடித்தபோது, கிளார்க்கிலிருந்து அமெரிக்க பான்டம் போர் விமானங்கள் அவருக்கு ஆதரவாகவே மணிலா வானில் பறந்தன. 1991இல் பினாடுபோ எரிமலைச் சாம்பல் கிளார்க்கை மூடியது. சுபிக்கையாவது காப்பாற்றும் புதிய ஒப்பந்தத்துக்கு கோரியே தெருவில் இறங்கி ஆதரவு திரட்டினார்.

செப்டம்பர் 16 அன்று அந்த ஒப்பந்தத்தின் மீது பிலிப்பைன்ஸ் செனட் வாக்களித்தது. எதிர்த்து 12, ஆதரித்து 11. அடுத்த ஆண்டே அமெரிக்கக் கப்பற்படை சுபிக்கைக் காலி செய்தது.