லேசர் கண்ணாடி எல்லாம் ஒண்ணு இல்ல

ஓசூர்ல இருந்து சூளகிரி வரைக்கும் உலோகத் தகடு வெட்டுற, வெல்டு பண்ற வேலை நிறைய. அதுக்கு இப்போ ஃபைபர் லேசர் மெஷின் வர ஆரம்பிச்சிருக்கு. கூடவே பாதுகாப்புப் பயிற்சியும். வழக்கமா என்ன நடக்கும்? நாப்பது ஸ்லைடு, கடைசியில ஒரு கையெழுத்து. அவ்ளோதான்.

அதுக்குப் பதிலா முதல்ல ஒரு சிக்கலைக் கொடுத்துப் பாருங்க. 1969-ல கனடாவோட மெக்மாஸ்டர் யுனிவர்சிட்டி மருத்துவ மாணவர்களுக்கு ஆரம்பிச்ச முறை இது: முதல்ல பிரச்சினை, அப்புறம்தான் பாடம்.

நம்ம சிக்கல் இதுதான். ஷெட்ல பழைய கார்பன் டை ஆக்சைடு லேசர் மெஷின் இருக்கு. புதுசா கையில பிடிச்சு வெல்டு பண்ற ஃபைபர் லேசர் வருது. ஆபரேட்டர் பழைய மெஷினோட கண்ணாடியை எடுத்து மாட்டிக்கிறார். வேலையை ஆரம்பிக்கலாமா?

"அதுவும் லேசர் கண்ணாடிதானே அண்ணா"ன்னு ஒருத்தர் சொல்வார். பயிற்சி கொடுக்கறவர் பதில் சொல்லக் கூடாது. மெஷினை ஆஃப் பண்ணிட்டு, கண்ணாடியையும் மேனுவலையும் அவங்க கையில கொடுக்கணும்.

தேடினா ரெண்டு நம்பர் கிடைக்கும். பழைய லேசரோட அலைநீளம் 10,600 நானோமீட்டர். ஃபைபர் லேசர் சுமார் 1,070. முதல் ஒளியை நிறமில்லாத பாலிகார்பனேட் கண்ணாடியே தடுத்துடும். ரெண்டாவது அதுக்குள்ள நேரா புகுந்து போயிடும்.

போனா என்ன ஆகும்? பளிச்சுன்னு வெளிச்சம் பட்டா கால் செகண்டுல கண்ணு தானா மூடிக்கும். 1,070 கண்ணுக்கே தெரியாது, அதனால இமை மூடாது. கண்ணோட லென்ஸ் அந்த ஒளியை ஒரு லட்சம் மடங்கு வரைக்கும் குவிச்சு விழித்திரையில விழ வைக்கும். பெரும்பாலும் வலிகூட இருக்காது. அங்க போன பார்வை திரும்பி வராது.

அடுத்த கேள்வியை அவங்களே கேட்பாங்க: "பக்கத்துல தகடு பிடிக்கிற ஹெல்ப்பருக்கு?" பளபளப்பான அலுமினியத்துல பட்டுத் திரும்புற ஒளியே போதும். அவருக்கும் அதே கண்ணாடி வேணும், சுத்தி மறைப்பும் வேணும்.

இந்தப் பக்கம் ஒரே ஷிஃப்ட்ல தமிழ், தெலுங்கு, கன்னடம், இந்தி எல்லாம் கேட்கும். ஸ்லைடு எந்த மொழியில போட்டாலும் யாருக்காவது புரியாது. ஆனா கண்ணாடியில அச்சடிச்ச நம்பர் எல்லாருக்கும் ஒண்ணுதான். அதைத் தேடிப் பார்க்கிற பழக்கம் வந்துட்டா பயிற்சி ஜெயிச்ச மாதிரி.

நாளைக்கு ஷிஃப்ட் போறவங்க, மாட்டிக்கிறதுக்கு முன்னாடி அந்த நம்பரைப் படிங்க. அடுத்த எபிசோடுல பார்ப்போம்!