உழைச்ச உடம்புல கொழுப்பு

தேத்தண்ணி ஆறுறதுக்குள்ள சொல்லிடுறேன் அக்கா. மலையேறிக் கொழுந்து பறிச்ச உடம்பு, கையில காலுல சதையே இல்ல, பிறகு எப்படி ரத்தத்துல கொழுப்புன்னு கேக்குறீங்க. ஒல்லியா இருக்கிறதாலயே சில பேருக்கு அது ஏறும்.

சாப்பிட்டதுல மிஞ்சுறதைத் தோலுக்கு அடியில பூட்டி வைக்கச் சொல்றது இன்சுலின். அங்க இடம் இல்லாட்டி, கந்தப்பளையில விலை போகாத கறட் மூட்டைங்க ரோட்டோரம் கிடக்கிற மாதிரி, கொழுப்பு ரத்தத்துலயும் ஈரல்லயும் தேங்கும். ஒரே எடையுள்ள வெள்ளைக்காரரை விட நம்ம ஆளுகளுக்கு ஈரல்ல கொழுப்பு கூட.

இப்படித் தோலுக்கு அடியில இடம் இல்லாமப் போறதுல ரொம்பக் கடுமையானது லிப்போடிஸ்ட்ரோபி. சில பேருக்குப் பரம்பரையா வரும். கையில காலுல கொழுப்பே இருக்காது. நரம்பு புடைச்சு, தசை முறுக்கித் தெரியும். தோட்டத்துல அதை உழைச்ச உடம்புன்னு விட்டுருவோம், அதுதான் என் கவலை. கழுத்துக்குப் பின்னால, அக்குள்ல தோல் கறுத்துத் தடிச்சு, தொட்டா மெத்துன்னு இருக்கான்னு பாருங்க. அழுக்குன்னு பீர்க்கங்கூடு போட்டுத் தேய்க்காதீங்க, டொக்டர்கிட்ட காட்டுங்க.

ஈரல்ல இன்சுலினுக்கு ரெண்டு வேலை: சீனி செய்யாதேன்னும் சொல்லும், கொழுப்பு செய்யின்னும் சொல்லும். நம்மள்ல பல பேரோட ஈரல் முதல் பேச்சைக் கேக்காது, ரெண்டாவதை மட்டும் விடாமச் செய்யும். அந்தக் கட்டளையை வாங்குற ரிசெப்டரே பிறவியில பழுதானவங்களும் இருக்காங்க. அவங்களுக்குச் சீனி எகிறினாலும் ரத்தத்துல ஓடுற கொழுப்பான ட்ரைகிளிசரைட் சாதாரணமாவே இருக்குன்னு கேம்பிரிட்ஜ் ஆய்வாளர்கள் 2009ல எழுதினாங்க. எந்தக் கட்டளையும் உள்ள போகாததால ஈரல் கொழுப்பையும் செய்யல.

உங்க ரிப்போட்ல கொலஸ்ட்ரோல் வரியோட நின்னுடாதீங்க, ட்ரைகிளிசரைட் வரியையும் பாருங்க. வெறும் வயித்துல 150க்குக் கீழ இருக்கணும். 500 தாண்டினா கணையம் வீங்குற பயம் உண்டு. ஆயிரக்கணக்குல ஏறினவங்க ரத்தத்தைக் குழாயில நிக்க விட்டா, மேல வெள்ளையா ஒரு படை மிதக்கும். எண்ணெயை மட்டும் குறைச்சாப் போதாது. ஒவ்வொரு பிளேன்டீக்கும் அள்ளிப் போடுற சீனி, மூணு வேளையும் கோதுமை மா ரொட்டி, ஆம்பிளைங்களுக்குச் சாராயம், இதெல்லாம் ஈரல்லதான் கொழுப்பா மாறி ட்ரைகிளிசரைடை ஏத்துது. கிளினிக்ல குடுத்த மருந்தையும் நிறுத்தாதீங்க.

மேல்வயிறு விடாம வலிச்சு, முதுகு வரைக்கும் ஓடி, வாந்தியும் வந்தா அது கணைய வீக்கமா இருக்கலாம், வாய்வுன்னு ஓமத்தண்ணி குடிச்சிட்டு விடியட்டும்னு இருக்கக் கூடாது. ராத்திரியே ஆட்டோ பிடிச்சு நுவரெலியா பெரியாஸ்பத்திரிக்குப் போயிடணும்.